ஓட்டை போட்டு வரும் ஃபெல்ட் தையல் பெட்டி: குழந்தைகளுக்கு வாங்கலாமா?

வடிவமாக வெட்டி, ஓரம் முழுக்க ஓட்டையும் போட்டுத் தரும் ஃபெல்ட் துணிகள், பிளாஸ்டிக் ஊசி, பல நிற எம்பிராய்டரி நூல், கொஞ்சம் பஞ்சு, பொத்தான்கள், ஒரு படக் குறிப்பேடு. இவ்வளவுதான் பெட்டிக்குள். புக்மார்க், ஆந்தை, நரி, இதய வடிவக் குட்டித் தலையணை, ஒரு சின்னப் பை ஆகியவற்றைத் தைக்கலாம். அட்டையில் 6 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது, என் மகளுக்கும் 6 வயதுதான், அதனால் அவளே உட்கார்ந்து தைத்துவிடுவாள் என்று நினைத்து வாங்காதீர்கள். முதல் பொம்மை முடியும் வரைக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஃபெல்ட் நெய்த துணி இல்லை, இழைகளை அழுத்திச் செய்தது, அதனால் வெட்டிய ஓரம் பிரிந்து வராது, மடித்துத் தைக்கும் வேலையும் கிடையாது. ஓட்டைகள் ஏற்கெனவே இருப்பதால் எங்கே குத்துவது என்று குழந்தை யோசித்துக்கொண்டு நிற்பதில்லை, கை மட்டும் பழகினால் போதும். முதல் நாளே கையில் ஒரு புக்மார்க் வந்துவிடும். பொறுமை இல்லாத குழந்தையை உட்கார வைக்க இதைவிட என்ன வேண்டும்?

குறிப்பேடுதான் சொதப்பல். எடுத்த எடுப்பில் ஓட்டுத் தையல் சொல்லித் தருகிறது. மேலிருந்து குத்தி, அடுத்தது கீழிருந்து குத்த வேண்டும் இல்லையா, அந்த இடத்தில்தான் சின்னப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கீழே போன ஊசியை ஓரத்தைச் சுற்றி மறுபடி மேலேயே கொண்டுவந்து குத்துவார்கள். அதைத் திட்டித் திருத்துவதற்குப் பதிலாக, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைக்கும் தையலையே முதலில் கொடுத்துவிடலாம். ஊசி எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் நுழையும், கைக்குச் சீக்கிரம் பிடிபடும். ஓட்டுத் தையலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோளாறு ஆந்தையில். கண்ணுக்கு வைக்கும் பொத்தான்களைக் கடைசிப் படத்தில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்து, பஞ்சும் அடைத்த பிறகு பொத்தான் வைத்தால் முடிச்சை எங்கே ஒளிப்பது? முன்பக்கத் துணி தனியாக இருக்கும்போதே கண்களைத் தைத்துவிடுங்கள். பஞ்சையும் கொஞ்சமாகவே வையுங்கள். குழந்தைகள் திணி திணி என்று திணிப்பார்கள், தையல் இடைவெளி வழியாக வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

பிளாஸ்டிக் ஊசியும் சுமார்தான். ஒற்றைத் துணியில் ஓடுகிறது, இரண்டு துணியை வைத்து ஓட்டைகள் கொஞ்சம் விலகினாலும் சிக்கிக்கொண்டு வளைகிறது. மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள டேப்பஸ்ட்ரி ஊசி தனியாக வாங்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும், 18ஆம் எண் எங்களுக்குச் சரியாக இருந்தது (இந்த ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி மெலிசாகும்). நூலைக் குழந்தையின் கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், அதற்கு மேல் போனால் சிக்கெடுக்கவே நேரம் சரியாக இருக்கும். ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டே இருந்தால் காதிலேயே ஒரு சின்ன முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

துணி கொஞ்சம் மெல்லியது, ஓட்டைகளும் ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில். வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். எங்கள் நரிக்கு ஒரு காது அப்படித்தான் போயிற்று, பின்னால் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டிச் சமாளித்தோம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஓட்டை இருக்கிற வரைக்கும் எல்லாத் தையலும் அழகாக விழும், வெறும் துணியைக் கையில் கொடுத்தால் ஒன்று ஒரு விரல் நீளம், அடுத்தது எள்ளளவு. இடைவெளி பார்க்கும் கண்ணைப் பெட்டி பழக்கவே இல்லை. அதனால் எல்லாப் பொம்மைகளையும் தைத்து முடிக்கும் வரை காத்திருக்காமல், பாதியிலேயே வெறும் ஃபெல்ட் துண்டில் பேனாவால் 1 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். சில நாள் கழித்துப் புள்ளியும் இல்லாமல் ஒரு கோடு மட்டும் போதும். இழை தெரிய நெய்த சணல் துணியும் இதற்கு அருமை, பிளாஸ்டிக் ஊசியே அதில் வழுக்கிக்கொண்டு போகும்.

இதே வரிசையில் அடுத்த பெட்டியும் விற்கிறார்கள். பொம்மைகள்தான் வேறு, உள்ளே அதே ஓட்டை, அதே ஊசி. அது வேண்டாம், அந்தக் காசுக்கு ஃபெல்ட் துணியும் நல்ல நூலும் வாங்குங்கள். 5 முதல் 7 வயது வரை முதல் பெட்டி பொருந்தும், 8 வயதுக் குழந்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கும். 3 வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் பொத்தான்களை உடனே எடுத்து மேலே வைத்துவிடுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும். 4 வயதுத் தம்பி தானும் தைப்பேன் என்று அடம்பிடித்தால் கெட்டி அட்டையில் ஓட்டை போட்டு ஒரு ஷூ கயிற்றைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் பெட்டியைவிட அதுதான் அதிகம் ஓடுகிறது.