சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்கா வழியா?

வரைபடத்தில் சென்னை விமான நிலையத்திலிருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு நேர்கோடு போட்டுப் பாருங்கள். அது யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியை உரசிக்கொண்டு போகும். சென்னையிலிருந்து பலாலி வான்வழியாகச் சுமார் 355 கி.மீ., கட்டுநாயக்கா சுமார் 645 கி.மீ. கொழும்பு விமானத்தில் போகிறவர் யாழ்ப்பாணத்தைத் தாண்டி 290 கி.மீ. தெற்கே போய் இறங்குகிறார். பிறகு புத்தளம், அநுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று தரைவழியே வடக்கே திரும்பி வர வேண்டும். அதற்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும்.

பறக்கும் நேரத்தில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பலாலிக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம், கட்டுநாயக்காவுக்கு அதைவிடச் சில நிமிடங்கள்தான் கூடுதல். கொழும்புக்குப் போவது ஜெட். பலாலியின் ஓடுபாதை குட்டை என்பதால் அங்கே ஏடிஆர் 72 வருகிறது. அது மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் விசிறி விமானம். தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் இணையக் கணிப்பான்களை இந்தத் தடத்துக்கு நம்பாதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரமே கணக்கு. இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே என்பதால் கூட்டிக் கழிக்க வேண்டியதும் இல்லை.

ஏடிஆரில் ஏறுவது பின்கதவு வழியாக. தலைக்கு மேலுள்ள பெட்டியறை சின்னது, வழக்கமான டிராலிப் பை பெரும்பாலும் அதற்குள் போகாது. ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைமேகத்தில் குலுங்கும். ஆனால் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. பாக்கு நீரிணை முடிந்து பனங்காடும் செம்மண் தோட்டங்களும் எழும்பி வருவதை அப்படியே பார்க்கலாம். இறங்கினால் யாழ் நகரம் பதினேழு கி.மீ. சொச்சம்தான்.

இந்தச் சேவைக்கு ஒரு பலவீனம் உண்டு. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்து, அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே கொரோனாவால் சேவை நின்றது. மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பரில்தான். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. ஆனாலும் கொழும்புக்குப் பல நிறுவனங்கள் நாள்தோறும் பறக்க, பலாலிக்கு ஒன்றிரண்டுதான். ஒன்று ரத்தானால் அன்றைய பயணம் போச்சு.

என் பார்வையில், யாழ்ப்பாணமோ கிளிநொச்சியோ போகிறவர் பலாலி டிக்கெட் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் அதையே எடுக்கலாம். வயதானவர்களோடு போனால் யோசிக்கவே வேண்டாம். கல்யாணத்துக்குப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகிறவர்களுக்கும், கண்டி, கொழும்பில் வேலை இருப்பவர்களுக்கும் கட்டுநாயக்காதான் சரி. லண்டன், டொரோண்டோவிலிருந்து வருபவர்கள் சென்னையில் தனி டிக்கெட்டில் மாறுவதென்றால் இந்திய விசா வேண்டியிருக்கும். அவர்களுக்கும் கொழும்பே சிக்கலில்லாத வழி.

தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் சென்னைக்கு வருவதற்கு முன் திருச்சியைப் பாருங்கள். அங்கிருந்து பலாலி வெறும் 185 கி.மீ. தூரம், இண்டிகோ 2025 மார்ச் இறுதியில் சேவை தொடங்கியது.