கராஜில் பழுதுபார்க்கப்பட்ட ரொக்கெட்: 'த ரொக்கெட்டியர்' படமும் அதன் உறவுப் படங்களும்

1991 ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'த ரொக்கெட்டியர்', அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 46 மில்லியன் டொலர்களை ஈட்டி, தயாரித்தவர்கள் எதிர்பார்த்த வெற்றியை எட்டாமலே ஒதுங்கிய படம். அது வெளியாகி இரண்டு வாரங்களுக்குள் 'டேர்மினேட்டர் 2' வந்து பார்வையாளர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆயினும் கடந்த காலத்தைக் களமாகக் கொண்ட சூப்பர் ஹீரோ சாகசப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவற்றை விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் இந்தப் படத்தை வைத்தே வாதாடுகிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினர் சேர்ந்திருந்து இதனைப் பார்த்தபோதும் அந்த வாதம் தவறாமல் எழுந்தது. அவர்கள் சொன்னவற்றோடு என் மதிப்பீட்டையும் சேர்த்து இங்கே தருகிறேன். கதையின் முடிவையும் பேச வேண்டியிருப்பதால், படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அதனை மனதில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

கதை 1938 இன் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடக்கிறது. கிளிஃப் செகோர்ட் என்ற இளம் பந்தய விமானி, சமஷ்டிப் பொலிஸாருக்கும் கொள்ளையருக்கும் இடையிலான துரத்தலில் குறுக்கே அகப்பட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய தன் விமானத்தை ஒரே நாளில் இழக்கிறான். அதே கொள்ளையர் ஒளித்துவைத்துவிட்டுப் போன, முதுகில் கட்டிக்கொண்டு பறக்கக்கூடிய ரொக்கெட் ஒன்று அவன் கைக்குக் கிடைக்கிறது. அதனை உருவாக்கியவர், அக்காலத்தில் உண்மையிலேயே வாழ்ந்த அமெரிக்க விமானத் தொழிலதிபர் ஹவார்ட் ஹியூஸ்; அதனைத் தேடுகிறவர்களோ பொலிஸார், கொள்ளையர், நாஸி உளவாளி என மூன்று தரப்பினர். பில்லி கம்பல் கிளிஃபாகவும், ஜெனிஃபர் கொனலி அவனது காதலி ஜெனியாகவும், அலன் ஆர்கின் மெக்கானிக் பீவியாகவும் நடித்திருக்கிறார்கள். இயக்குநர் ஜோ ஜோன்ஸ்டன். டேவ் ஸ்டீவன்ஸ் 1982 இல் வரையத் தொடங்கிய சித்திரக் கதையே இதற்கு மூலம்.

அமெரிக்க விமர்சகர்கள் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் பழைய ஹொலிவூட்டின் மினுமினுப்பையும், வாராவாரம் காட்டப்பட்ட தொடர்ப்படங்களின் நினைவையும் பேசுவார்கள். அந்த நினைவு எதுவும் எங்களுக்கு இல்லை. கொழும்பில் வளர்ந்த ஒருவருக்கு 1938 இன் கலிபோர்னியா மீது ஏக்கம் கொள்ள என்ன காரணம் இருக்க முடியும் என்பதுதான் நான் இந்தப் படத்திடம் கேட்க விரும்பிய கேள்வி. அதற்கான விடையைப் பஞ்சிகாவத்தையில் நெடுங்காலம் வாகன உதிரிப்பாகக் கடை நடத்திய என் பெரியப்பாவே காட்டித்தந்தார். அடிதடிக் காட்சிகளின்போது சும்மா இருந்தவர், பீவி ரொக்கெட்டை மேசையில் கிடத்தி அதன் அமைப்பை ஆராயத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பறக்கும்போது திசை மாற்றுவதற்குத் தலைக்கவசத்தின் மேல் ஒரு துடுப்பு வேண்டும் என்று பீவி கண்டுபிடித்து அதனைத் தன் கையாலேயே செய்து முடிக்கும்போது, "இவன் வேலை தெரிந்த ஆள்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் படத்தின் பலம் முழுவதும் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். இந்த வீரனுக்குப் பிறவியிலேயே வந்த சக்தி எதுவும் கிடையாது. வேற்றுக் கிரகத்து வம்சமோ இரசாயன விபத்தோ அவனுக்குக் கைகொடுக்கவில்லை. அவனிடம் இருப்பது பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் இயந்திரமும், அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு முதியவரும்தான். துப்பாக்கிக் குண்டு பட்டு எரிபொருள் கசியும்போது அந்த ஓட்டை சுவிங்கத்தால் அடைக்கப்படுகிறது. அந்தச் சுவிங்கமே இறுதியில் கதையை முடித்து வைக்கிறது: ரொக்கெட்டை வில்லனிடம் ஒப்படைக்கும் தருணத்தில் கிளிஃப் அதனை மெல்லப் பிய்த்து எடுத்துவிட, எரிபொருள் தீப்பற்றி வில்லன் 'ஹொலிவூட்லாண்ட்' பெயர்ப்பலகையின் கடைசி நான்கு எழுத்துகளின் மேல் விழுந்து மாய்கிறான். உண்மையில் அந்த எழுத்துகள் 1949 இல் சாதாரணமாகவே அகற்றப்பட்டவை என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் இனிக்கும். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், கிடைக்காத பாகத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கடைந்து பொருத்தி மொரிஸ் மைனர்களையும் ஒஸ்டின்களையும் ஓடவைத்த ஒரு தலைமுறை இந்நகரில் இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் படம் அந்நியமானதாக இருக்கவே முடியாது.

அக்காவின் மகனுக்கு வயது பதினேழு. படம் மெதுவாகப் போகிறது என்பதும், பறக்கும் காட்சிகள் போதாது என்பதும் அவனுடைய முறைப்பாடுகள். இரண்டும் இளம் பார்வையாளர்கள் பலர் இத்தகைய படங்கள்மீது வைக்கும் குற்றச்சாட்டுகளே. கிளிஃப் முதன்முதலாக ரொக்கெட்டை அணிந்து பறப்பதற்குப் படத்தில் கணிசமான நேரம் கடந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த முதற் பறப்பு எத்தனை கவனமாக அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அவன் புகழுக்காகப் பறக்கவில்லை. தனக்குப் பதிலாக விமானமேறி ஆபத்தில் சிக்கிக்கொண்ட ஒரு முதியவரைக் காப்பாற்றவே, எப்படி நிறுத்துவது என்றுகூட அறியாமல் கிளம்புகிறான். கணினி வரைகலை பெருகுவதற்கு முந்திய படம் என்பதால், உண்மையான விமானங்களையும் சிறு உருவப் பொம்மைகளையும் கொண்டே பெரும்பகுதி எடுக்கப்பட்டது. உடலின் பாரமும் காற்றின் தடையும் கண்ணுக்குத் தெரிகின்றன. விழுந்தால் நோகும் என்ற பயம் பார்ப்பவருக்கும் வருகிறது. ஜேம்ஸ் ஹோர்னரின் இசை அந்தப் பயத்தையும் களிப்பையும் ஒருங்கே ஏந்திச் செல்கிறது. வில்லன் எந்த விண்கலத்தால் தாக்குவான் என்று கணக்கிட்டுப் பழகிய கண்களுக்கு இது போதாமல் இருக்கலாம். எனக்கு இதுவே நிறைவாக இருந்தது.

வில்லன் நெவில் சின்க்ளெயராக டிமதி டால்டன் நடித்திருப்பது இந்தப் படத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. மக்கள் கொண்டாடும் நட்சத்திர நடிகன், வாள் வீசிக் காதல் பேசும் கதாநாயகன், நாஸிகளின் உளவாளியாகவும் இருக்கிறான். ஏக்கப் படங்கள் அனைத்துக்கும் உள்ள பொதுவான ஆபத்து, கழிந்த காலத்தைப் பொன்முலாம் பூசிக் காட்டிவிடுவது. இந்தப் படமோ அக்காலத்தின் மிக அழகிய முகத்தையே எடுத்து, அதன் பின்னால் கொடுமை ஒளிந்திருந்ததைக் காட்டுகிறது. ரொக்கெட் அணிந்த போர்வீரர்கள் கூட்டங்கூட்டமாக நாடுகளின் மேல் பறந்து செல்வதாக வரும் கறுப்பு வெள்ளைச் சித்திரப் பிரசாரப் படம் ஒன்று இடையில் காட்டப்படுகிறது. ஒரு நிமிடமளவே நீடிக்கும் அந்தப் பகுதியில், அதுவரை விளையாட்டாகத் தோன்றிய கருவி எதற்குப் பயன்படப் போகிறது என்பது விளங்கிவிடுகிறது. கதை நடக்கும் 1938 இலிருந்து நான்கு ஆண்டுகளில், 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இன்று நாம் கடைகளுக்குச் செல்லும் குதிரைப் பந்தயத் திடல் அப்போது ஓடுபாதையாக்கப்பட்டு, அங்கிருந்து பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. வானத்திலிருந்து வரும் அச்சம் அந்தத் தலைமுறைக்கு உலகெங்கும் பொதுவானதாக இருந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஜெனியின் பாத்திரம் திறமைக்கு ஏற்ப எழுதப்படவில்லை என்று என் மகள் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. சின்க்ளெயரின் வீட்டில் தன் சாதுரியத்தால் அவனையே அடித்து வீழ்த்துகிறவள், அதற்குப் பின் மீட்கப்படக் காத்திருக்கும் பொருளாக மாறிவிடுகிறாள். கொள்ளைக் கூட்டத் தலைவன் நாஸியோடு சேர மறுத்துத் தேசப்பற்றாளனாகத் திரும்பும் கட்டம் அமெரிக்கத் திரையரங்குகளில் கைதட்டல் பெறக்கூடியது. கொழும்பில் அது வெறுமனே கடந்து போயிற்று. இவற்றைவிட என்னை உறுத்தியது, படத்தின் முக்கிய பாத்திரங்கள் அனைவரும் வெள்ளையர்களாக இருப்பதுதான். 1938 இன் லொஸ் ஏஞ்சலிஸில் கறுப்பினத்தவரும் மெக்சிக்கர்களும் ஜப்பானிய வம்சாவளியினரும் வாழ்ந்தார்கள். ஓர் ஊரின் இளமைக்காலத்தை நினைவுகூரும்போது அவ்வூரார் பலரை விட்டுவிடுவது அழகியல் பிழை மட்டுமன்று.

அதே குறை இன்னும் பெரிதாகத் தெரியும் படம் 1996 இல் வந்த 'த ஃபன்டம்'. லீ ஃபோக் 1936 பெப்ரவரியில் தொடங்கிய அந்தச் சித்திரத் தொடரின் நாயகனை ராணி காமிக்ஸ் வழியாக மாயாவி என்ற பெயரில் அறிந்த தமிழ் வாசகர்கள் இங்கேயும் ஏராளம். மண்டையோட்டு மோதிரமும் குகையும் குதிரையும் ஓநாயும் எங்களுக்கு உறவினர்களைப் போன்றவை. பில்லி ஸேன் அந்த ஊதா உடையை அணிந்து, சிரிப்பை வரவழைக்காமல், முழு மனதோடு நடித்திருப்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் காட்டு மக்களைக் காக்க வெள்ளையர் பரம்பரையொன்று நூற்றாண்டுகளாக அரியணை போன்ற ஓர் இருக்கையில் அமர்ந்திருக்கிறது என்ற கற்பனையை, நான்கரை நூற்றாண்டுகள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் கீழிருந்த கரையோரத்து மக்கள் கேள்வியின்றி ஏற்க முடியாது. சிறுவயதில் அதனைக் கவனிக்காமல் வாசித்தோம். படத்தில் அது உயிருள்ள மனிதர்களாக எதிரே நிற்கும்போது கவனிக்காமல் இருக்க இயலவில்லை. மாயாவியின் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் ஒருமுறை பார்க்கலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை.

ஜோ ஜோன்ஸ்டன் 2011 இல் இயக்கிய 'கப்டன் அமெரிக்கா: த ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' வேறு தரத்தது. 'ரொக்கெட்டியர்' படத்தில் கற்ற பாடங்களை அதன் முதற்பாதியில் தெளிவாகக் காணலாம். இரண்டாம் உலகப்போருக்கு ஆட்சேர்க்கும் நிலையங்களில் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படும் மெலிந்த இளைஞன், பலம் பெற்ற பின்னரும் மேடையில் போர்ப் பத்திரம் விற்கும் வேடிக்கைப் பொருளாக்கப்படுகிறான். தன்மானம் உள்ள ஒருவன் அந்த அவமானத்தை எப்படித் தாங்குகிறான் என்பதைப் படம் பொறுமையோடு சொல்கிறது. பிற்பாதி, அடுத்தடுத்த படங்களுக்கு வழி சமைப்பதிலேயே அவசரப்படுகிறது. 2004 இல் வந்த 'ஸ்கை கப்டன்' ஏறத்தாழ முழுவதுமே, பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்கான நீலத்திரையின் முன் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு சட்டகமும் அழகு, ஒன்றிலும் எடையில்லை.

எனவே தொடங்குகிறவர்கள் 'ரொக்கெட்டியர்' படத்தையே முதலில் பார்க்கட்டும். 108 நிமிடங்களே ஓடும் படம் இது. கையடக்கத் தொலைபேசியில் பார்த்தால் பறப்புக் காட்சிகளின் பயன் கெட்டுவிடும். வீட்டுப் பெருந்திரையில் பார்ப்பவர்கள், இன்றைய தொலைக்காட்சிகளில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். இல்லையெனில் பொம்மை உருவங்களின் சிறு நடுக்கமும் படச்சுருளுக்கே உரிய நுண்புள்ளிகளும் துடைக்கப்பட்டு, மலிவான தொடர் நாடகம் போன்ற தோற்றமே எஞ்சும். சின்க்ளெயரின் ஏவலாளான இராட்சத உருவத்தவன் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டுச் செல்லும் வைத்தியசாலைக் காட்சி சிறு பிள்ளைகளை அச்சுறுத்தக்கூடும் என்பதால், பத்து வயதுக்கு உட்பட்டவர்களோடு பெரியவர் ஒருவர் இருந்து பார்ப்பது நல்லது. அக்காவின் மகன் 'கப்டன் அமெரிக்கா' படமே மேல் என்ற நிலைப்பாட்டை இன்னும் மாற்றவில்லை. பெரியப்பா இரண்டாம் முறையும் பீவி வரும் பகுதிகளை மட்டும் போடச் சொல்லிப் பார்த்தார்.