இரத்தமா, பனிக்குட நீரா?

கர்ப்பகாலத்தில் யாருக்கு ஆபத்து கூட என்று சலித்துப் பார்க்கும் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘ஹை ரிஸ்க், 1:150’ என்று வந்தவுடனே தேயிலைத் தோட்டத்தில் பலர் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுவதால் வரும் பிறவிக் குறை)தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. அதே எண் வந்த 150 தாய்மாரில் சுமார் 149 பேரின் பிள்ளைக்கு அது இருக்காது.

அடுத்த படியாக இரண்டு பரிசோதனைகள் உண்டு. என்ஐபிடி என்பது தாயின் கையில் இரத்தம் எடுத்து, அதில் கலந்திருக்கும் கருவின் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்ப்பதுதான். 10 வாரத்திலிருந்தே செய்யலாம், கருவுக்கு ஆபத்தில்லை. டவுன் இருந்தால் 100க்கு 99 அளவில் காட்டிவிடும். இருந்தாலும் இதுவும் சல்லடைதான், தீர்ப்பல்ல. கொழுந்து பறிக்கும் சம்பளத்துக்குச் செலவு கையைக் கடிக்கும்.

உறுதியான பதில் வேண்டுமென்றால் பனிக்குட நீர்ப் பரிசோதனை. 15 வாரம் கழிந்து, ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்றில் மெல்லிய ஊசி விட்டு நீர் எடுப்பார்கள். கரு கலையும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (பிள்ளையின் இரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுப்பது) பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கண்டியில் செய்தால் அன்றே ஹட்டன் பஸ்ஸில் வளைவு வளைவாகக் குலுங்கி வராமல், சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கலாம்.

இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே பலருக்குப் பரிசோதனை முடிவு, பிரசவத்துக்குத் தயாராகத்தான் உதவும். அவர்களுக்கு முதலில் என்ஐபிடி போதும் என்பேன். ஸ்கேனிலேயே குறை தெரிந்திருந்தால் சரி, நேரே பனிக்குட நீர்ப் பரிசோதனைதான்.