கண்டங்களைக் கையால் நகர்த்தும் மரப் புதிர்: ஒரு மதிப்புரை

கண்டப் பெயர்ச்சியைக் கற்பிப்பதற்கென்றே செய்யப்பட்ட மரப் புதிர்த் தொகுப்பு ஒன்றை ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். வழவழப்பான நீலப் பலகை ஒன்று, அதன்மேல் வைத்து நகர்த்துவதற்குக் கண்டங்களின் வடிவில் அறுத்த மரத் துண்டுகள், ஒரு சிறிய கையேடு ஆகியவையே பெட்டியில் உள்ளன. கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவை எப்படி நகர்ந்தன என்ற கேள்விக்கு இது தவறான விடையைத் தந்துவிடுகிறது.

வழக்கமான புதிர்களில் கண்டங்களைக் கடற்கரையோரமாக வெட்டிவிடுவார்கள். கடற்கரையோ கடல் மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் இடம் மாறும் கோடு. கண்டத்தின் உண்மையான விளிம்பு, நீருக்கடியில் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி நிலம்) முடிந்து ஆழ்கடலை நோக்கிச் சரியும் இடத்தில் இருக்கிறது. 1965-இல் புவி இயற்பியலாளர் எட்வர்ட் புல்லார்டும் அவருடைய குழுவினரும் கணிப்பொறியின் துணையுடன் அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் பொருத்திப் பார்த்தபோது, ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்திலுள்ள விளிம்பையே எடுத்துக்கொண்டார்கள். இத்தொகுப்பைச் செய்தவர்களும் அவ்வாறே அறுத்திருப்பதால், பிரேசிலின் தோள் கினி வளைகுடாவுக்குள் சென்று அழகாகப் பொருந்துகிறது. ஓரிடத்தில் மட்டும் மரம் மரத்தோடு இடித்தது. அறுப்பில் ஏற்பட்ட பிசகு என்று எண்ணி உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகுதான் அந்த இடம் நைஜர் ஆற்றின் கழிமுகம் என்பதைக் கவனித்தேன். கண்டங்கள் பிரிந்த பின்னர் அந்த ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் உருவான நிலத்துக்குப் பழைய பொருத்தத்தில் இடம் இருக்க முடியாது. இவ்வளவு நல்ல செய்தியைக் கையேடு ஒரு வரியில்கூடச் சொல்லாதது பெரிய குறை.

துண்டுகளின்மேல் தீட்டியுள்ள அடையாளங்களும் பொறுப்புடன் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தென் அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் கிடைத்த மெசோசாரஸ் என்னும் நன்னீர் ஊர்வனவும், தெற்குக் கண்டங்கள் அனைத்திலும் இந்தியாவிலும் கிடைத்த குளோசாப்டெரிஸ் என்னும் பழங்காலத் தாவரத்தின் இலைகளும், துண்டுகளைச் சேர்த்தவுடன் தொடர்ச்சியான பட்டைகளாகின்றன. என்னை மிகவும் கவர்ந்தவை சிறிய வெள்ளை அம்புகள். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் பாறையில் கீறிச் சென்ற தடங்களின் திசையை அவை குறிக்கின்றன. பிரேசில் துண்டைத் தனியாக வைத்தால் பனி கடலிலிருந்து நிலத்தின்மீது ஏறி வந்ததுபோல் தோன்றும். ஆப்பிரிக்காவை அருகில் சேர்த்ததும் அம்பு எங்கிருந்து புறப்பட்டது என்பது விளங்கிவிடும்.

குறை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. துண்டுகளை விரலால் தள்ளினால் அவை பலகையின்மேல் வழுக்கிச் செல்கின்றன. பலகை அசையாமல் கிடக்கிறது. கண்டங்கள் கடற்தரையை உழுதுகொண்டு சென்றன என்பதே இதைப் பார்ப்பவர் மனத்தில் பதியும். 1912-இல் இக்கருத்தை முன்வைத்த ஆல்ஃபிரட் வெகனருக்கும் இதுவே இடறலாயிற்று. புவியின் சுழற்சியும் கடலில் ஓதங்களை உண்டாக்கும் நிலவு, சூரியனின் ஈர்ப்பும் கண்டங்களைத் தள்ளியிருக்கலாம் என்று அவர் கருதினார். அந்த விசைகள் போதவே போதா என்று ஹரால்ட் ஜெஃப்ரிஸ் போன்ற புவி இயற்பியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். வெகனர் 1930-இல் கிரீன்லாந்தின் பனிவெளியில் இறந்தபோது இதற்கு விடை கிடைத்திருக்கவில்லை. 1962-இல் புவியியலாளர் ஹாரி ஹெஸ், நடுக்கடல் முகடுகளில் (கடலடியில் நீளும் மலைத்தொடர்களில்) புதிய தரை உருவாகி இருபுறமும் விலகுகிறது என்ற கருத்தை வெளியிட்டார். மறு ஆண்டே வைன், மாத்யூஸ் என்னும் ஆய்வாளர்கள், முகட்டின் இருபுறமும் உள்ள காந்தப் பட்டைகளுக்கு, அதாவது காந்தத் திசை மாறி மாறிப் பதிந்துள்ள பாறைப் பட்டைகளுக்கு, அதன் வழியே விளக்கம் தந்தார்கள். கையேடோ வெகனரோடு நின்றுவிடுகிறது.

ஆகவே என் பலகையில் அட்லாண்டிக்கின் நடுவே உளியால் நீளமான துளை ஒன்றை வெட்டினேன். அடியிலிருந்து இரண்டு காகிதங்களை அதன்வழியே மேலே கொண்டுவந்து, ஒன்றின் நுனியில் ஆப்பிரிக்காவையும் மற்றதில் தென் அமெரிக்காவையும் ஒட்டினேன். காகிதம் வெளிவர வெளிவர, இரண்டின்மீதும் துளையையொட்டி ஒரே நேரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டினால், இருபுறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைகின்றன. இதில் ஆப்பிரிக்கத் துண்டு ஏறத்தாழ ஒரு சாண் நீளம் என்பதால், பலகையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 400 கிலோமீட்டர். அட்லாண்டிக் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் விரிவதைக் கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

இந்தியத் துண்டுக்கு இன்னொரு துளை தேவைப்பட்டது, இம்முறை ஆசியாவின் தெற்கு விளிம்பில். இந்தியாவுக்கு முன்னால் இருந்த கடற்தரை ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்தபோது, அதன் எடையே பின்னாலிருந்த நிலத்தை இழுத்து வந்தது. காகிதத்தைக் கீழே இழுத்தால் துண்டு தானாக வந்து சேர்கிறது. மோதிய பிறகு மடிந்து உயர வேண்டிய இமயத்தை மட்டும் கெட்டியான மரத்தால் காட்ட முடியவில்லை. வேலைப்பாட்டில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் அடுத்த பதிப்பில் இரண்டு துளைகளையும், இந்தியாவின் வடக்கு விளிம்புக்கு மட்டும் மடியக்கூடிய துணியையும் சேர்க்க வேண்டும். கையேட்டை ஒதுக்கிவிட்டு, பலகையை வெட்டத் தயங்காத ஆசிரியருக்கு இதை இப்போதே பரிந்துரைப்பேன்.