15 வயதில் அமெரிக்காவா, 18 வரை ஒன்ராறியோவா?

மகன் 10ஆம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் அந்த அழைப்பு வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில், கூடைப்பந்துக்கென்றே பிள்ளைகளைச் சேர்க்கும் ஒரு தனியார் பாடசாலை. ஏப்ரலில் நடந்த போட்டியொன்றில் அவன் ஆடியதைப் பார்த்திருக்கிறார்கள். ஆறடி நான்கு அங்குலம், இன்னும் வளருவான், பந்தையும் நன்றாகக் கையாளுகிறான், அனுப்புங்கள் என்றார் பயிற்றுநர். பாதிக் கட்டணம் அவர்கள் பொறுப்பு. மீதி, ஆண்டுக்கு 18,000 அமெரிக்க டொலர், எங்கள் பொறுப்பு. முடிவு சொல்ல 3 வாரம்.

மற்ற வழி, கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் இருந்து காரில் 40 நிமிடத்தில் இருந்தது. எங்கள் ஒன்ராறியோ மாகாணப் பாடசாலை ஒன்றோடு சேர்ந்து இயங்கும் பிரெப் அணி, அதாவது பல்கலைக்கழக ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் அணி. அவன் வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்குவான். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்று அவனுக்கு 18. வருகிற ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின், பல்கலைக்கழக ஆட்டத்தின் மேல்தட்டான முதல் பிரிவில் ஆடும் அணியில் முழு உதவித்தொகையோடு சேருகிறான். இதே கேள்வியோடு இப்போது மாதம் இரண்டு பெற்றோராவது என்னிடம் கதைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முதலில், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் விதி. 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் போனதுபோல உயர்நிலைப் பாடசாலையில் இருந்து நேராக என்பிஏவுக்கு இன்று போக முடியாது. லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2005 ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்கப் பாடசாலை மாணவனுக்கு 19 வயது ஆக வேண்டும். அவனுடைய வகுப்பு பாடசாலை முடித்து ஓராண்டும் கடந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கென்றே 2020இல், என்பிஏவின் வளர்ப்பு லீக்கான ஜி லீக்கில், சம்பளம் கொடுக்கும் இக்னைட் அணி வந்தது. ஜேலன் கிரீன் அதில் ஆடி, என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2021இல் 2ஆம் இடத்திலும், ஸ்கூட் ஹெண்டர்சன் 2023இல் 3ஆம் இடத்திலும் எடுக்கப்பட்டார்கள். 2024இல் அந்த அணியையே மூடிவிட்டார்கள். 2021 ஜூலையில் இருந்து பல்கலைக்கழக வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனபின், அந்த அணிக்கான தேவை குறைந்துபோனது. பதின்ம வயதினருக்கான லீக்கான, அட்லாண்டாவின் ஓவர்டைம் எலீட் இன்னும் இருக்கிறது. 2023இல் தாம்சன் இரட்டையர் 4ஆம், 5ஆம் இடங்களில் போனது அங்கிருந்துதான். ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுக்கானது. மற்ற எல்லோருக்கும் வழி பல்கலைக்கழகம்தான். ஆகவே 15 வயதில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வழி அவனைப் பல்கலைக்கழக அணி வரைக்கும் சேதமில்லாமல் கொண்டுசேர்க்கும் என்பதே.

அமெரிக்கா போவதன் நன்மைகளை அதிகம் விளக்கத் தேவையில்லை. எதிரணியின் தரம் அதிகம். பல்கலைக்கழகங்களுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் தேடி வருவார்கள். உடற்பயிற்சிக் கூடமும் உணவும் ஒரே வளாகத்தில். போனவர்களின் பட்டியலும் பெரியது. வோனில் வளர்ந்த அண்ட்ரூ விக்கின்ஸ் மேற்கு வெர்ஜீனியாவுக்குப் போய், கன்சாஸ் பல்கலைக்கழகம் வழியாக 2014 டிராஃப்டின் முதல் ஆள் ஆனார். மிசிசாகாவின் ஆர்ஜே பரெட் புளோரிடாவின் மான்ட்வெர்டு பாடசாலைக்கும் பிறகு டியூக் பல்கலைக்கழகத்துக்கும் போய், 2019இல் 3ஆம் இடம். ஹமில்டனில் வளர்ந்த ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் டென்னசியில் ஒரு பாடசாலைக்கும் அங்கிருந்து கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கும் போனார். 2025இல் என்பிஏவின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஒரு விஷயம்: டென்னசிக்கு அவர் தனியாகப் போகவில்லை. ஒன்றுவிட்ட சகோதரன் நிக்கீல் கூடவே போனார். இருவரும் இன்று என்பிஏவில். பிள்ளையைத் தனியே அனுப்பும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்கேயே இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கிச்சனரின் ஜமால் மரே ரொறன்ரோவுக்கு வடமேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரேஞ்ச்வில்லில்தான் ஆடினார். 2015இல், சிறந்த இளம் வீரர்கள் ஆடும் நைக் ஹூப் சமிட் ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்தார். கென்டக்கியில் ஓராண்டு. 2016 டிராஃப்டில் 7ஆம் இடம், 2023இல் டென்வர் அணியோடு என்பிஏ சம்பியன். அதே 2016இல், அதே ஒரேஞ்ச்வில் அணியின் தோன் மேக்கர் 10ஆம் இடத்தில் போனார். முதல் பத்துப் பேரில் இருவர் ஒரே ஒன்ராறியோப் பாடசாலைக்காரர்கள்! அதற்குப் பிறகு ஸ்கவுட்டுகளுக்கு இந்த வழி நன்றாகத் தெரியும்.

சரி, இனி என் முடிவைத் தீர்மானித்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். அது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள பாடசாலைப் பதிவு.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் கேட்கிறது. ஆங்கிலம் 4, கணிதம் 3, விஞ்ஞானம் 2, இந்த மூன்றில் இருந்து மேலதிகமாக 1, சமூக விஞ்ஞானம் 2, மற்றவை 4. அவற்றின் சராசரி 4க்கு 2.3ஆவது இருக்க வேண்டும். கேட்டால், அவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல் நேரக்கணக்கில் இருக்கிறது. 9ஆம் வகுப்பில் கால்வைத்த நாளில் இருந்து 8 அரையாண்டுகள் ஓடத் தொடங்கும். பாடசாலை மாறினாலும், எல்லை கடந்தாலும், ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தாலும் அந்த ஓட்டம் நிற்காது. நேரத்துக்குப் படிப்பை முடித்தவன் அதன்பின் ஒரேயொரு பாடத்தை மட்டும் கூடுதலாகச் சேர்க்கலாம்.

இன்னொரு பூட்டும் உண்டு. 7ஆவது அரையாண்டு, அதாவது 12ஆம் வகுப்பு, தொடங்கும் முன்னரே 16இல் 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அந்த 10இல் 7, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானமாக இருக்க வேண்டும். அவற்றுக்குக் கிடைத்த மதிப்பெண் அப்படியே உறைந்துவிடும். திரும்பப் படித்து உயர்த்த முடியாது. இதில் தவறியவன் மற்றத் தகுதிகள் இருந்தால் உதவித்தொகை வாங்கலாம், பயிற்சி எடுக்கலாம், முதலாண்டில் ஆட முடியாது.

இப்போது எங்கள் மகனின் கணக்கைப் பாருங்கள். 10ஆம் வகுப்பு முடித்துப் போனால், அந்தப் பூட்டு விழும் முன் புதுப் பாடசாலையில் அவனுக்கு இருப்பது 2 அரையாண்டுகள் மட்டும். புது நாடு, புது விடுதி, வாரக்கணக்கில் பயணங்கள், நடுவில் புதுப் பாடத்திட்டம். அதற்கு மேல், வயதிலும் உடம்பிலும் ஓராண்டு கூடட்டும் என்று 10ஆம் வகுப்பைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். அமெரிக்கப் பிரெப் பாடசாலைகளில் இது சாதாரணம். களத்தில் அது உதவும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் திரும்பப் படிக்கும் அந்த ஆண்டும் 8 அரையாண்டுக்குள்தான் வரும். அவன் 12ஆம் வகுப்புக்கு வரும்போது என்சிஏஏ கணக்கில் நேரம் முடிந்திருக்கும். இதை அந்தப் பயிற்றுநரிடம் கேட்டேன். "பார்த்துக்கொள்வோம்" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. அவருடைய வேலை வேறு, அவ்வளவுதான்.

மார்க்கத்தில் (ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊர்) இருக்கும் நண்பர் ஒருவரின் மகன் எங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் இப்படிப் போனவன். என் மகனைவிட வேகமானவன், கூச்சமில்லாமல் சொல்வேன். அவன் சேர்ந்தது புதிதாகத் தொடங்கிய சின்னப் பாடசாலை. அங்கே இணையவழியில் படித்த பாடங்களில் மூன்று, என்சிஏஏ அங்கீகரித்த பாடப் பட்டியலில் இல்லை என்பது 12ஆம் வகுப்பில்தான் தெரியவந்தது. அழைத்திருந்த பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இப்போது ஒரு இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறான். ஏறிவிடுவான் என்றே நம்புகிறேன். ஆனால் இரண்டு வருடம் போனது போனதுதான்.

பாடசாலையே இல்லாமல் போவதும் நடக்கும். பிரம்டனின் டிரிஸ்டன் தாம்சன், அந்தனி பென்னட், பிக்கரிங்கின் கோரி ஜோசப் எல்லோரும் ஆடிய நெவாடாவின் ஃபின்ட்லி பிரெப் பெயர்பெற்ற இடம்; பென்னட் பிறகு 2013 டிராஃப்டின் முதல் ஆள் ஆனார். 2019இல் அந்த அணி கலைந்தது. அவ்வளவு பெயர்பெற்ற ஒன்றுக்கே அந்த நிலை என்றால், நேற்றுத் தொடங்கியதை நம்பி என்ன செய்வது?

ஒன்ராறியோவில் இந்தப் பயம் குறைவு. கிரெடிட் (முடித்த பாடத்துக்கான அலகு) கொடுக்கும் தனியார் பாடசாலைகளை மாகாணக் கல்வி அமைச்சு பரிசோதிக்கிறது. உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் வேண்டும், ஒவ்வொன்றும் 110 மணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, நான் நேரில் போய் வழிகாட்டி ஆசிரியரின் மேசைக்கு முன்னால் உட்கார முடிந்தது. மனைவி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் 16 கட்டங்கள் போட்ட தாளை ஒட்டினாள். பாடம் முடிய முடிய அவனே ஒவ்வொன்றாக நிரப்புவான். 11ஆம் வகுப்பு இரசாயனத்தில் 58 வந்தபோது கோடைக்கால வகுப்பில் திரும்பப் படிக்க வைத்து 74 ஆக்கினோம். செப்டெம்பரில் பூட்டு விழும் முன் 5 வாரங்கள்தான் மிச்சம். ஆயிரம் மைல் தள்ளி இருந்திருந்தால் அந்த 58 எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கேயும் பிரெப் அணிக்குக் கட்டணம் உண்டு, பயணச் செலவு உண்டு, பெற்றோல் தனி. விளம்பர வருமானத்தை எண்ணி யாரும் முடிவெடுக்க வேண்டாம். 2025 ஜூலையில் இருந்து பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் கனடாப் பிள்ளை அங்கே எஃப்-1 எனும் மாணவர் அந்தஸ்தில் இருப்பவன். அவன் வேலை செய்யக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு. ரொறன்ரோவின் சாக் ஈடி பர்டூ பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை அமெரிக்காவின் சிறந்த பல்கலைக்கழக வீரராகியும், அமெரிக்கத் தோழர்களைப் போலச் சம்பாதிக்க முடியாமல் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

என் அனுபவம் ஒரே பிள்ளையோடு முடிகிறது. அவன் இன்னும் தொழில்முறை வீரன் இல்லை. ஆவானா என்பதும் தெரியாது. நாட்டின் முதல் இருபது பேரில் ஒருவன் என்று மூன்று நான்கு பேர் தனித்தனியே சொல்லும் பிள்ளையாக இருந்தால், மான்ட்வெர்டு போன்ற பழைய, நிலைத்த இடம் ஒன்று அழைத்தால், நானே யோசித்திருப்பேன். எதிரணியின் தரத்தில் மகன் இழந்தது உண்மை. கடந்த குளிர்காலத்தில் ஒஹாயோவில் ஒரு போட்டிக்குப் போனபோது முதல் ஆட்டத்தில் அவனைத் திணறடித்தார்கள். இரண்டாவதில்தான் மூச்சு வந்தது. பெண்பிள்ளைகளின் பாதை எனக்குப் பழக்கமில்லை. இதை அப்படியே அவர்களுக்குப் பொருத்த வேண்டாம்.

இப்படி அழைப்பு வந்தால், பயிற்சிக்கூடத்தின் வீடியோவைப் பார்க்க முன் பாடசாலையின் முழுப்பெயரையும் ஊரையும் வாங்குங்கள். அமெரிக்கப் பாடசாலைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட பாடங்களின் பட்டியலை என்சிஏஏ தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லையென்றால் மேற்கொண்டு கதைக்க ஒன்றுமில்லை. இருந்தால், பிள்ளை முடித்த பாடங்களை வைத்து 16 கட்டங்களை நீங்களே நிரப்பிப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தாளில் கடைசிக் கட்டம், 12ஆம் வகுப்பு ஆங்கிலம், ஜனவரியில் நிரம்பியது. மனைவி அதை இன்னும் கதவில் இருந்து கழற்றவில்லை.