காற்றுக் கோபுரமா, கரி டேங்கா?

எங்கள் நகரத்தின் இரண்டு குடிநீர்க் கிணறுகளில் ட்ரைகுளோரோ எத்திலீன், சுருக்கமாக டி.சி.இ., தென்பட்டபோது முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். கோபுரம் கட்டிக் காற்றால் விரட்டலாம், அல்லது கரி நிரப்பிய டேங்க் வழியாகத் தண்ணீரை விட்டு, கரியில் ஒட்டவைத்துப் பிடிக்கலாம். நாங்கள் கரியை எடுத்தோம். இது அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்ன ஊர். குடிநீர்ப் பிரிவில் என்னையும் சேர்த்து நாலு பேர். அந்த நாலு பேர் கணக்குதான் கடைசியில் முடிவு செய்தது.

டி.சி.இ. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைப்பான். தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கி அடியில் தங்கி, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இங்கே குடிநீரில் அனுமதி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு லிட்டர் டி.சி.இ. சுமார் 29 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும்.

மாசு எங்கிருந்து வருகிறது என்று தேடுவது பொறுமையான வேலை. விஸ்கான்சின் மாநிலத்து வாசா நகரத்தில் 1982-ல் கிணறுகளில் இந்த வகைக் கரைப்பான்கள் தெரியவந்தன. ஊர் நடுவே ஓடும் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த பழைய குப்பைக் கிடங்கின் மாசு, ஆற்றுக்கு அடியிலேயே கிழக்குக் கரைக் கிணற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கிணற்றின் இழுப்பு அப்படி. மாதிரி எடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். 40 மில்லி கண்ணாடிக் குப்பியைத் தளும்ப நிரப்பி, மூடி, கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்ப்பேன். ஒரு குமிழி தெரிந்தாலும் திரும்ப எடுக்கவேண்டும். டி.சி.இ. அந்தக் குமிழிக்குள் ஓடிவிடும்.

கோபுரம் வேலை செய்வதும் இதே குணத்தால்தான். மேலிருந்து தண்ணீர் பிளாஸ்டிக் பந்துகளின் மேல் சிதறி விழும், கீழிருந்து ஊதுகாற்று ஏறும், டி.சி.இ. காற்றோடு போய்விடும். வாசாவில் 1984-ல் அவசரத்துக்கு ஒரு கிணற்றில் கரி வைத்தார்கள். அதே வருஷம் சுத்திகரிப்பு நிலையத்தில் கோபுரங்கள் வந்தன, பல ஆண்டுகள் ஓடின. மாசு அதிகமாக இருந்தால் கோபுரத்துக்குத்தான் செலவு குறைவு.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் ஓடும் கோபுரம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். வெள்ளைப் பந்து என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். செங்கல் நிறத்தில் கனமாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் துருவும் சுண்ணாம்பும் ஏடு ஏடாக வந்தன. தண்ணீர் காற்றைத் தொட்டதும் இரும்பு துருவாகப் படியும். கரியமில வாயு வெளியேறுவதால் சுண்ணாம்பும் படியும். உடனே எதுவும் நிற்காது. காற்று போகும் வழி மெல்லக் குறுகி, ஒருநாள் டி.சி.இ. மிச்சம் இருப்பது ஆய்வகத் தாளில்தான் தெரியும். அமிலம் ஊற்றிக் கழுவ ஆள் வேண்டும். ஊதுவிசிறியைக் கவனிக்க வேண்டும். கீழே விழுந்த தண்ணீரை மறுபடி பம்ப் பண்ணியாக வேண்டும். நாலு பேரில் ஒருவர் லீவு போட்டால் இதையெல்லாம் யார் பார்ப்பது?

கரியில் இரண்டு டேங்குகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு மாதிரிக் குழாய் உண்டு. முதல் டேங்கின் கரி நிறைந்துவிட்டால் அந்த நடுக்குழாயில் தெரியும். அப்போதும் இரண்டாவது டேங்க் ஊரைக் காத்துக்கொண்டிருக்கும். ஆற அமர லாரிக்குச் சொல்லி, கரியை மாற்றி, வால்வைத் திருப்பிப் பழைய இரண்டாவதை முதலாவதாக்கினால் போதும். இரும்பு கரியையும் அடைக்கும், மறுக்கவில்லை. பின்னோட்டமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். ஆனால் கெடுவதற்கு முன்பே சொல்லிவிடும் ஏற்பாடு இது. ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இன்னொன்று, நாங்கள் வாங்கும்போது யோசிக்காதது. 2022-ல் வாசாவின் 6 கிணறுகளிலும் பிஃபாஸ் (ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றில் இருக்கும், எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள்) இருப்பதாக நகரம் அறிவித்தது. அந்த வேதிப்பொருள்கள் காற்றோடு போகாது, கோபுரத்தால் பயன் இல்லை. கரி அவற்றில் பலவற்றைப் பிடிக்கும்.

என் அனுபவம் இரண்டு கிணறு, குறைந்த அளவு மாசு, அவ்வளவுதான். டி.சி.இ. மண்ணில் சிதைந்து வினைல் குளோரைடு ஆகியிருந்தால் கரியில் அது சரியாக ஒட்டாது. அங்கே கோபுரத்தையே கேளுங்கள். தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடும் 1,4-டையாக்சேன் என்ற வேதிப்பொருள் இருந்தால் இரண்டுமே உதவாது, புற ஊதாக் கதிரும் பெராக்சைடும் சேர்ந்த முறைக்குப் போகவேண்டும்.

அப்புறம், எங்கள் டேங்கில் இருப்பது தேங்காய்த் தொட்டிக் கரி, கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுப்பது. நான் பொள்ளாச்சிக்காரன், மூட்டையைப் பிரித்தபோது ஊர் ஞாபகம் வந்தது. கூடவே திருப்பூர் மாவட்டத்தில் இந்தக் கரி சுடும் ஆலைகளால் தங்கள் கிணறு கெடுகிறது என்று மக்கள் போராடியதும் ஞாபகம் வந்தது. ஒரு ஊர்க் கிணற்றைக் கெடுத்து இன்னொரு ஊர்க் கிணற்றைச் சுத்தம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அடுத்த லோடுக்கு முன்னால், எங்கே சுட்டது, சுட்ட கரியை அணைத்த தண்ணீரை எங்கே விட்டார்கள் என்று சப்ளையருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.