ஸ்கேனருக்கு அனுமதி: குழுவா, யூடெவ் விதியா?

லினக்ஸில் ஆல்-இன்-ஒன் மெஷின் நன்றாக அச்சடிக்கும். ஸ்கேனர் மட்டும் கண்ணில் படாது. அச்சு வேலையை கப்ஸ் என்ற பின்னணிச் சேவை வாங்கித் தானே அனுப்பிவிடுவதால் நம் கணக்குக்கு யூஎஸ்பியைத் தொடும் உரிமை தேவையில்லை. ஸ்கேன் செய்யும்போதோ சேன் என்ற ஸ்கேன் நிரல் நம் பெயரிலேயே, ஸ்கேனரைக் குறிக்கும் சாதனக் கோப்பைத் திறக்கப் பார்க்கிறது.

ஸ்கேனர்களைப் பட்டியலிடும் 'ஸ்கேன்இமேஜ் -எல்' கட்டளையைச் சும்மாவும், நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டும் ஓட்டிப் பாருங்கள். சூடோவில் மட்டும் ஸ்கேனர் தெரிந்தால் அனுமதிதான் சிக்கல். சூடோவை அத்தோடு விட்டுவிடுங்கள். ஸ்கேன் செயலியையே ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) திறந்தால், சேமிக்கும் படங்களும் ரூட்டுக்கே சொந்தமாகிவிடும்.

பலரும் சொல்லும் வழி, சாதனத்தைத் தொட உரிமையுள்ள பயனர் குழுவில் நம் கணக்கைச் சேர்ப்பது. எந்தக் குழு என்பதில்தான் தடுமாற்றம். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை 'பஸ் 001, டிவைஸ் 004' என்று காட்டினால் டெவ்/பஸ்/யூஎஸ்பி/001/004 கோப்பின் குழுவைப் பாருங்கள். பிரிண்டரும் சேர்ந்த மெஷின் என்றால் பெரும்பாலும் 'எல்பி' என்றிருக்கும். சாதனக் கோப்புகளின் அனுமதியைக் கவனிக்கும் யூடெவ், அச்சு இடைமுகத்தைக் கண்டதும் அப்படி ஒதுக்கிவிடுகிறது. சேனுடன் வரும் யூடெவ் விதிக்கோப்பில் உங்கள் மாடல் இல்லாதபோது 'ஸ்கேனர்' குழுவில் மட்டும் சேர்ந்து பயனில்லை. குழுவில் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-யுடன் சின்ன ஏ-வையும் கட்டாயம் போடுங்கள். விட்டால் சூடோ உட்பட மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து கணக்கு நீங்கிவிடும். பிறகு லாக்-அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும்.

யூடெவ் விதியில் 0666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) என்று எழுதுவதும் வேலை செய்யும். ஆனால் அந்தக் கணினியில் ஓடும் எல்லா நிரலுக்கும் ஸ்கேனர் திறந்துவிடும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வீட்டுக் கணினிக்கு என் தேர்வு, வெண்டர் எண்ணையும் ப்ராடக்ட் எண்ணையும் குறிப்பிட்டு 'யூஆக்சஸ்' டேக் தரும் விதி. திரைக்கு முன் லாகின் செய்திருப்பவருக்கு மட்டும் அனுமதி போகும், அவர் வெளியேறினால் போய்விடும். சாதனக் கோப்பின் அனுமதிகளைக் காட்டும் கெட்ஃபேக்ல் கட்டளையில் உங்கள் பெயர் தெரிந்தால் விதி பிடித்துவிட்டது. விதிக்கோப்பின் பெயரில் முதலில் வரும் எண் 73-க்குக் கீழே இருக்கட்டும். மேலே போனால் டேக் கவனிக்கப்படாது. எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினியிலிருந்து வருபவருக்கு இந்த அனுமதி கிடைக்காது. பலர் தொலைவிலிருந்து ஸ்கேன் செய்யும் அலுவலகத்துக்குக் குழுதான் சரி.

மெஷின் புதியதென்றால் முதலில் ஐபிபி-யூஎஸ்பி என்ற பின்னணிச் சேவையையும், அதன் வழியே ஸ்கேன் செய்ய சேன்-ஏர்ஸ்கேன் என்ற டிரைவரையும் நிறுவிப் பாருங்கள். யூஎஸ்பியை அந்தச் சேவையே கையாள்வதால் அனுமதிப் பேச்சே எழாது. ஆனால் அது ஓடும்போது நிறுவனத்தின் பழைய டிரைவருக்குச் சாதனம் 'பிஸி' என்று வரலாம். அந்த டிரைவர்தான் வேண்டும் என்றால் சேவையை நிறுத்திவிட்டு மேலே சொன்ன விதிக்கே வாருங்கள்.